கை தூக்கிய ஒடக்கான்

சத்தம் இந்த டப்பாவிலிருந்துதான் வருகிறது தோழர். உங்கள் பையைத் தடவிப் பார்க்க வேண்டாம், அது உங்கள் செல்போன் இல்லை. சுவர்க்கோழிப் பூச்சி. உயிரோடுதான் இருக்கிறது. மூடியில் ஓட்டை போட்டிருக்கிறேன், ஆனால் வெளியே வருகிற அளவுக்குப் பெரிய ஓட்டை இல்லை. நிம்மதியாக உட்காருங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும். நான் இந்த ஓரத்தில் உட்கார்ந்தால்தான் காலை நீட்ட முடியும். லத்தியடி வாங்கிய முட்டி.

தோழர் என்று கூப்பிட்டது ஒரு மாதிரியாக இருக்கிறதா? சார் என்று நான் யாரையும் கூப்பிட்டதில்லை. முதலாளியையே கூப்பிட்டதில்லை. பழகிவிடும்.

என் பேர் மாரப்பன். சொர்ணவல்லி மில் மாரப்பன் என்று சொன்னால் சிங்காநல்லூரில் ஒரு காலத்தில் டீக்கடைக்காரன் காசு வாங்கமாட்டான். இப்போது சொன்னால் "எந்த மில்லுங்க?" என்கிறார்கள். மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட் இருந்த இடத்தில் நீச்சல் குளம். நான் ஆறாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். மிச்சம் எல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. ஒரு விஷயம் எட்டுப் பக்கத்துக்கு மேல் போனால் அதில் எங்கேயோ பொய் கலக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பூச்சி எதற்கு என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? கேட்க நினைத்தீர்கள். முப்பது வருஷம் மில் வாசலில் கேட் மீட்டிங் பேசியவன் நான். எதிரில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்தால் போதும், மனசில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன்.

இது ஒரு ஒடக்கானுக்குச் சாப்பாடு. நீங்கள் ஓணான் என்பீர்கள், எங்கள் பக்கம் ஒடக்கான். வேலியில் ஓடுகிற நம்மூர்ச் சாதி இல்லை. தாடி வைத்த ஒடக்கான், பூர்வீகம் ஆஸ்திரேலியா. முழங்கை நீளம் இருக்கும். வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மேலே பல்பு போட்டு வளர்க்கிறார்கள். என்னுடையது இல்லை. எனக்கு எதற்கு? அது சிதம்பரநாதனுடையது.

சிதம்பரநாதன் யார் என்றால், அதே சொர்ணவல்லி மில்லில் பர்சனல் மேனேஜர். எனக்கு மூன்று முறை சஸ்பென்ஷன் ஆர்டர் கொடுத்த கை அவருடையது. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவப் பிள்ளை. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். மில்லை இடித்துக் கட்டிய அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் வீடு வாங்கிக்கொண்டு குடியிருக்கிறார். நான் பின்னால் பழைய லைன் வீட்டில் இருக்கிறேன். நடுவில் ஒரு சாக்கடை. எல்லாம் அந்தச் சாக்கடையில்தான் ஆரம்பித்தது.

அந்தச் சாக்கடையை மூடச் சொல்லி நோட்டீஸ் அடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். தனியாகத்தான். சங்கம் என்று இப்போது இருப்பது நானும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்தான். அவர் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தார். வேலையில் இருந்த காலத்தில் "என்னப்பா" என்பார். இப்போது "வாங்க மாரப்பன்" என்றார். இதுவும் போராடிப் பெற்றதுதான்.

உள்ளே பார்த்தால் பெட்டிக்குள் இவர். ஒடக்கான் தோழர். சிதம்பரநாதன் நோட்டீஸைப் படிக்காமல் என்னையே பார்த்தார். "மாரப்பன், உங்களுக்குப் பூச்சி புழுவெல்லாம் பயம் உண்டா?" என்றார்.

"போலீஸுக்கே பயந்ததில்லீங்க" என்றேன்.

"அப்ப உள்ள வாங்க. இது மூணு நாளா ஒண்ணும் திங்கல."

விஷயம் இதுதான். அவர் மகன் பெங்களூரில் இருந்தபோது பேத்திக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தது. திடீரென்று டொரண்டோவில் வேலை. ஒடக்கானைக் கொண்டுபோக முடியாது. அப்பா தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். ஞாயிறுதோறும் பேத்தி வீடியோவில் வருவாள். தாத்தாவைப் பார்க்க இல்லை. "பிஸ்கட்டைக் காட்டு" என்பாள். ஒடக்கானுக்கு அவள் வைத்த பேர் பிஸ்கட். உயிருள்ள ஒருவருக்குத் தின்பண்டத்தின் பேரா? நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒடக்கானோ சிதம்பரநாதனைக் கண்டாலே பெட்டி மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குழந்தை அழும். போனை வைத்துவிடுவாள். மகன், "அப்பா, உங்களால முடியலைன்னா மாசக் கடைசியில பெங்களூர்ல ஒருத்தர் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவார்" என்று சொல்லிவிட்டான்.

"போனாப் போவுதுன்னு விடுங்க" என்றேன்.

சிதம்பரநாதன் சுவரைப் பார்த்தார். சுவரில் அவர் மனைவி படம், மாலை போட்டு. "இது போச்சுன்னா ஞாயித்துக்கிழமை போன் வராது மாரப்பன்" என்றார்.

எனக்கு என்ன வந்தது? வேறு எவனாவது என்றால் எழுந்து போயிருப்பேன். ஆனால் அவர் அப்போது ஒரு காரியம் செய்தார். பெட்டி மூடியைத் திறந்து, மோதிரம் மின்னுகிற கையை மேலேயிருந்து இறக்கினார், முதுகைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி. ஒடக்கான் உடம்பைத் தட்டையாக விரித்து, வாயைத் திறந்து, கழுத்துக்குக் கீழே இருந்த தாடி முழுவதையும் கரிமாதிரி கறுப்பாக்கிக் காட்டியது.

தோழர், நான் எத்தனையோ மந்திரிகளுக்குக் கறுப்புக் கொடி காட்டியவன். எனக்குத் தெரியாதா அது என்னவென்று?

"கையை எடுங்க" என்றேன். "நிர்வாகம் எப்பவும் மேலே இருந்துதான் கை வெக்கும். அவனுக்கு அது மேலருந்து பாயற பருந்தாட்டத்தான தெரியும்? ஏனுங்க, இத்தனை வருஷம் கழிச்சும் உங்க புத்தி மாறலையே."

மனிதர் கையை எடுத்துவிட்டார். சொர்ணவல்லி மில் சரித்திரத்தில் நான் சொல்லி அவர் உடனே கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஒடக்கான் தரப்பில் நான் ஆஜராகிறேன்.

என்ன தோழர், எழுந்திருக்கிறீர்கள்? என் கால் இடிக்கிறதா? இதோ மடக்கிக்கொள்கிறேன். சுங்கம் ஸ்டாப்பில் எப்போதும் கூட்டம் ஏறும், உட்காருங்கள். கதை இனிமேல்தான்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கோரிக்கைகளோடு போனேன். ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும், மண்பானையைப் பாதியாக உடைத்துக் கவிழ்த்து வைத்தால் போதும். மேலேயிருந்து கை வரக் கூடாது. பக்கவாட்டில், தரையோடு தரையாக, மெதுவாக வர வேண்டும். அதுவாக வருகிற வரைக்கும் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒவ்வொன்றாக வாசித்தேன். என் குரல் உங்களுக்கே தெரிகிறது, மைக் இல்லாமல் மில் கேட்டிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் கேட்ட குரல். வாசித்து முடித்து, "இவை எங்கள் கோரிக்கைகள் மட்டுமல்ல, எங்கள் உரிமைகள்" என்று முடித்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒடக்கான் என்னைப் பார்த்துத் தன் முன்னங்காலை, ஒரே ஒரு கையை, மெதுவாக மேலே தூக்கியது. தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கீழே வைத்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சங்கத்தில் இருபது வருஷமாக எவனும் எனக்குக் கை தூக்கவில்லை தோழர். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு ஜீவன் கேட்டவுடனே புரிந்துகொண்டு கை தூக்குகிறது.

நான் பதிலுக்கு முஷ்டியை உயர்த்தினேன். அது மறுபடியும் தூக்கியது. அதற்கப்புறம் நான் எப்போது குரல் எடுத்தாலும் தூக்கும்.

இதோ நீங்களும் தூக்குகிறீர்கள். நன்றி தோழர். ஒத்துக்கொள்கிறீர்கள் என்று தெரிகிறது. வண்டி நிற்கிறது, இறங்குகிறவர்கள் இறங்கட்டும், உங்கள் கையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், யாராவது இடித்துவிடுவார்கள்.

சாப்பாட்டுப் பிரச்சினைக்கு வருகிறேன். சிதம்பரநாதனுக்குப் பூச்சியைத் தொட முடியாது. இடுக்கியால் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு "சிவ சிவா" என்று போடுவார். கண்ணை மூடிப் போட்டால் எங்கே விழும்? சோபாவில் விழும். ஒரு வாரம் அவர் வீட்டுச் சோபாவுக்குள்ளிருந்து ராத்திரியெல்லாம் கச்சேரி நடந்தது. அதனால் பூச்சிப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். உக்கடத்தில் மீன் தொட்டிக் கடைகள் இருக்கின்றனவே, அங்கேதான் வாங்குகிறேன். முருங்கைக்கீரை, பூசணி நறுக்கிக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அதை அவர் பயபக்தியோடு செய்வார், பிரசாதம் மாதிரி.

அடுத்து, கால்நடை டாக்டரம்மா சொன்னார்களாம், வளர்க்கிறவர் உடம்பில் போட்ட துணி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் வாசனை பழகும் என்று. சிதம்பரநாதன் தன்னுடைய பூத்துவாலைத் துண்டை வைத்தார். நான் விடுவேனா? "ஒரு தரப்புத் துண்டை மட்டும் வெச்சா அது கருத்துத் திணிப்புங்க" என்று சொல்லி என் சிவப்புத் துண்டையும் பக்கத்தில் போட்டேன். ஒடக்கான் எந்தத் துண்டில் அதிக நேரம் படுத்தது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் தாடியின் கறுப்பு முழுசாகப் போகவில்லை. மாசக் கடைசி வந்துகொண்டே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது நானும் இருந்தேன். போனைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். சும்மா இருக்கக் கூடாதே என்று குழந்தைக்கு நிலவரத்தை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஒடக்கான் உடனே கை தூக்கியது. "பார்த்தியா கண்ணு, இவன் நம்ம ஆளு, சங்கத்துக்கு வணக்கம் வெக்கறான்" என்றேன்.

அந்தக் குழந்தை சொல்கிறது: "ஐயோ தாத்தா, அது வணக்கம் இல்ல. பிஸ்கட் பயந்தாதான் கையைத் தூக்கும். 'நான் சின்னவன், நீ பெரியவன், என்னை ஒண்ணும் பண்ணிடாத, விட்டுரு'ன்னு அர்த்தம். அந்தத் தாத்தாவைக் கத்த வேணாம்னு சொல்லு."

வெளிநாட்டுப் படிப்பு. இந்த வயசிலேயே போராட்டத்தைக் கொச்சைப்படுத்தக் கற்றுக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் சிதம்பரநாதன் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள். மனைவி இறந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். போன் கட்டான பிறகும் சிரித்தார். "கடைசி ஸ்டிரைக் ஞாபகம் இருக்கா மாரப்பன்? தொடரலாமான்னு கேட் மீட்டிங்ல கேட்டீங்களே. எல்லாரும் இப்படித்தானே கை தூக்குனாங்க?"

"ஆமாங்க. ஒருத்தன் பாக்கியில்லை" என்றேன் பெருமையாக. உண்மை அது. பொங்கலுக்குச் சம்பளம் இல்லை, வீட்டில் அடுப்பெரியவில்லை, இருந்தும் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். நான் மேடையில் நின்று ஒவ்வொருவன் முகமாகப் பார்த்தேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன், ஒவ்வொருவனாகத் தூக்கினான். மறுவாரமே பின்வாசல் வழியாக அவர்களே வேலைக்குப் போனார்கள். கை தூக்கிய அதே ஆட்கள். துரோகம். வேறென்ன பேர் அதற்கு? அதற்கு இவர் ஏன் சிரிக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சிரித்து முடித்து ஒரு எதிர்க் கோரிக்கை வைத்தார். "மாரப்பன், நீங்க தினமும் வாங்க. ஆனா இங்க இருக்கிற நேரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பேச்சுரிமையைப் பறிக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு நாலு மணிக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. மௌனப் போராட்டம். அவர் பேசக் கூடாது என்று சொன்னதைக் கண்டித்து நான் பேசாமல் இருந்தேன். வித்தியாசம் புரிகிறது அல்லவா?

முதல் நாள் இரண்டு முறை வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் டீ கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போதவில்லை, சொல்ல முடியவில்லை. மறுநாள் அவரே இன்னொரு கரண்டி போட்டிருந்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். மில் ஓடிய காலத்தில் ஒரு அறையில் நாங்கள் ஐந்து நிமிஷம் சண்டை இல்லாமல் இருந்ததில்லை. இப்போது பல்பு எரிகிற சத்தம் கேட்கும். ஒடக்கான் கீரையைக் கடிக்கிற சத்தம் கேட்கும். பானையிலிருந்து முதலில் தலை வந்தது. அப்புறம் பாதி உடம்பு. தாடி வெளுத்துக்கொண்டே வந்தது. போராட்டம் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் பெட்டிக் கதவைத் திறந்து வைக்க ஆரம்பித்தார். அது வெளியே வந்து டைல்ஸில் நிற்கும். கை தரையோடு தரையாக இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை அல்லவா? அதற்காக அந்த மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு, தரையில் குப்புறப் படுத்தார். கன்னம் டைல்ஸில். கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, ஒரு பூசணித் துண்டை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கிடந்தார். சொர்ணவல்லி மில் நிர்வாகம் என் காலடியில் குப்புறக் கிடந்தது தோழர். அதைப் போட்டோ எடுக்கக்கூட எனக்கு வழியில்லை, கேமரா சத்தம் வரும்.

ஒடக்கான் முதலில் என்னிடம்தான் வந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. என் பாதத்தில் ஏறியது. நகம் குறுகுறுத்தது, அதன் வயிறு சில்லென்று இருந்தது. பேசினால் போராட்டம் தோற்றுவிடும், அதனால் பேசவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து என்னை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு இறங்கிப் போய் அவர் உள்ளங்கையில் ஏறிப் பூசணியைத் தின்றது. தின்றுவிட்டு அப்படியே படுத்துவிட்டது. அவர் எழுந்திருக்கவே இல்லை. இருட்டுகிற வரைக்கும் தரையிலேயே கிடந்தார். நான்தான் பல்பை அணைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. மாசக் கடைசி ஞாயிறு. சிதம்பரநாதன் மடியில் ஒடக்கான். குழந்தை அலறவில்லை, அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பனி விழுந்ததைச் சொன்னாள், பல் விழுந்ததைச் சொன்னாள். போனை வைக்கப் போகிற நேரத்தில், "தாத்தா, நீ சாப்டியா?" என்று கேட்டாள். சிதம்பரநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல்பு வெளிச்சத்துக்கு அவ்வளவு பக்கத்தில் உட்காரக் கூடாது என்று ஜாடை காட்டினேன்.

பெங்களூர் ஆள் வர வேண்டியதில்லை என்று மகனும் சொல்லிவிட்டான்.

மறுநாள் நாலு மணிக்கு எனக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை, அது தற்செயல். புதிய கோரிக்கைகளோடு போனேன். ஞாயிற்றுக்கிழமை காட்சி தருவது விடுமுறை நாள் வேலை, அதற்கு இரட்டைப் பூச்சி வேண்டும். பல்பை மாற்ற வேண்டும். குசுகுசுவென்றுதான் வாசித்தேன், பெட்டி திறந்திருந்தது.

"பிரச்சினைதான் தீந்து போச்சே மாரப்பன்" என்றார்.

"ஒப்பந்தம் போடாம எப்படிங்க தீரும்? கடைசி ஸ்டிரைக்கையும் இப்படித்தான் வாய்ப்பேச்சா முடிச்சீங்க."

அவர் எழுந்து போய்ப் பேனாவை எடுத்து வந்தார். பிறகு சாக்கடை நோட்டீஸைத் திருப்பிப் போட்டு, அந்தப் பழைய மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி எழுதினார். இரட்டைப் பூச்சிக்கு ஒப்புதல். பல்புக்கு ஒப்புதல். கடைசியில் நான் கேட்காத ஒரு ஷரத்தை அவரே சேர்த்தார்: சங்கப் பிரதிநிதி தினமும் மாலை நாலு மணிக்கு நேரில் வந்து நிலவரத்தைப் பார்வையிட வேண்டும், வராத நாளுக்குக் காரணம் சொல்ல வேண்டும், டீ நிர்வாகத்தின் செலவு.

ஆளை அலைய வைக்கிற பழைய தந்திரம். எனக்குத் தெரியாதா? ஆனால் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஒப்பந்தத்தை மீறினான் மாரப்பன் என்ற பேர் வரக் கூடாது. அதற்காகத்தான் மழையோ வெயிலோ போய்க்கொண்டிருக்கிறேன். சாக்கடையும் இருக்கிறது. தாண்டித்தான் போகிறேன்.

ஒரே ஒரு வருத்தம். இப்போதெல்லாம் அது என்னைக் கண்டால் கை தூக்குவதில்லை. வரும், முட்டியில் ஏறும், லத்தியடி பட்ட இடத்தில்தான் படுக்கும், கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் கையை மட்டும் தூக்காது. உரிமை கிடைத்ததும் சங்கத்தை மறந்துவிடுகிறார்கள். நான் பார்க்காததா?

சிங்காநல்லூர் வந்துவிட்டது. நான் இறங்க வேண்டும். நீங்களும் எழுந்திருக்கிறீர்கள், நல்லது, நீங்களும் நம்ம ஊர்தானா?

எங்கே? ராமநாதபுரமா? உங்கள் ஸ்டாப்பிங் ராமநாதபுரமா? அது போய் எவ்வளவு நேரம் ஆகிறது. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாய் இருக்கிறது, கை இருக்கிறது.

கையைத் தூக்கினீர்கள். ஆமாம், தூக்கினீர்கள். நான் பார்த்தேன். நன்றிகூடச் சொன்னேன்.

ம்.

பார்த்து இறங்குங்கள், படி உயரம். எதிர்ப்பக்கம் போனால் உங்களுக்கு வண்டி கிடைக்கும். இருங்கள், நானும் வருகிறேன். நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் பஸ் வருகிற வரைக்கும் கூட நிற்கிறேன். பயப்படாதீர்கள், ஒரு வார்த்தை பேசமாட்டேன். இந்தப் பூச்சிகள் கத்தும், அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.